சாரம் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறாதீர்கள்: வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊரில் இடுப்பில் கட்டுகிற லுங்கிக்கும் சாரம் என்றுதான் பெயர், கட்டடத்தைச் சுற்றிக் கட்டுகிற கழிகளுக்கும் சாரம் என்றுதான் பெயர். இரண்டும் ஒன்று சேரக் கூடாது. கத்தாரில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுக் குமரி மாவட்டத்துத் தக்கலைக்குத் திரும்பிய நான், ஒரு கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கப் போன முதல் நாளே அந்தக் காட்சியைத்தான் பார்த்தேன். இரண்டாம் மாடிச் சாரத்தில், சாரத்தை மடித்துக் கட்டியபடி, வெறுங்காலோடு ஒரு கொத்தனார் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். கீழே நான்கு ஹெல்மெட்டுகள் கிடந்தன. ஒன்றில் ஆணி போட்டு வைத்திருந்தார்கள்.

கேட்டதற்கு அவர், "மக்ளே, முப்பது வருசமா ஏறுதேன், விழவா செஞ்சேன்?" என்றார். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் ஆணி போட்டு வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தபோது அவர் பக்கத்து நியாயமும் கொஞ்சம் புரிந்தது. உள்பட்டை அறுந்து, குனிந்தால் கழன்று விழுகிற சாமான் அது. அதைப் போடச் சொன்னால் யார் போடுவார்கள்?

அதனால் இந்தக் கட்டுரையில் "போடுங்கள், போடுங்கள்" என்று மட்டும் சொல்லப் போவதில்லை. வேலைக்கும் உடம்புக்கும் பொருந்தாத சாமானை மாட்டிக்கொள்வதும் மாட்டாமல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சில நேரம் அது இன்னும் மோசம், ஏனென்றால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பில் இன்னும் ஒரு அடி முன்னால் போய்விடுவோம்.

முதல் படி: ஆபத்தைப் பாருங்கள், அப்புறம் சாமானைக் கேளுங்கள்

முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சுற்றிப் பாருங்கள். மேலேயிருந்து என்ன விழலாம்? எது தெறிக்கும்? எது சுழல்கிறது? தோலில் என்ன படும்? காற்றில் என்ன கலந்திருக்கிறது? நான் எங்கிருந்து விழலாம்? இந்த ஆறு கேள்வி போதும்.

பதில் இடத்துக்கு இடம் மாறும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவருக்கு விடியுமுன் இருட்டில் பாம்புதான் முதல் பயம். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் நெற்றி விளக்கும் இல்லாமல் தோட்டத்தில் இறங்கக் கூடாது. அதே ரப்பர் பாலை உறைய வைக்கிற இடத்தில் ஆபத்து ஃபார்மிக் ஆசிட். அங்கே கண்ணாடியும் ரப்பர் கையுறையும் வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்குப் போகிற பெண்களுக்குக் கொட்டைத் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் எதிரி. அது கையை வேகவைத்துவிடும். சாம்பலும் ஆமணக்கெண்ணெயும் தடவிக்கொள்வது பழைய வழக்கம், கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். விரலோடு ஒட்டி நிற்கும் மெல்லிய கையுறை கிடைத்தால் அதைப் போட்டு, கிழிந்ததும் மாற்ற வேண்டும். கிழிந்த கையுறைக்குள் எண்ணெய் புகுந்தால் வெறுங்கையைவிடக் கூடுதலாக வேகும்.

இன்னொன்றும் உண்டு. கண்ணாடியும் மாஸ்க்கும் கடைசித் தடுப்பு. அதற்கு முன்னால் ஆபத்தையே குறைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். டைல்ஸ் வெட்டும்போது ஒரு பையன் பிளேடின் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே நின்றால் தூசியில் பெரும்பகுதி எழும்பவே எழும்பாது. எந்த மாஸ்க்கும் அவ்வளவு செய்யாது. கிரைண்டர் பிளேடை மூடுகிற காப்புத் தகட்டைக் கழற்றியிருந்தால் முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள். மின்சாரம் கொடுக்கிற வயர் தண்ணீரில் கிடந்தால் முதலில் கரண்டை நிறுத்திவிட்டு அதைத் தூக்கிக் கட்டுங்கள்.

இரண்டாம் படி: வாங்குவது யார், எதைப் பார்த்து வாங்குவது

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில், பாதுகாப்புக்காகத் தருகிற எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் நம் பக்கம் வீடு கட்டுகிற சைட்டில் பெரும்பாலும் ஆறு ஏழு பேர்தான் இருப்பார்கள். அங்கே சட்டம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். கூலி பேசும்போதே, "அண்ணே, ஹெல்மெட்டும் கையுறையும் நீங்க தருவீங்களா, நான் கொண்டு வரணுமா?" என்று கேட்டுவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு கேட்டால் குறை சொல்வதாக ஆகிவிடும், முன்னால் கேட்டால் வெறும் கேள்விதான்.

கடையில் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். முத்திரைக்கு மேலே தர எண் இருக்கும்: தொழிற்சாலை, கட்டட ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 2925, ஷூவுக்கு ஐஎஸ் 15298, தூசி மாஸ்க்குக்கு ஐஎஸ் 9473, உயரத்தில் மாட்டும் பெல்டுக்கு ஐஎஸ் 3521. கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யார் பேரில் இருக்கிறது என்று வந்துவிடும். வெறும் முத்திரையை யாரும் அச்சடித்து ஒட்டலாம், அதனால் எண்ணைப் போட்டே பாருங்கள். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. அதன் தர எண் 4151, அது வேறு அடிக்குச் செய்தது.

மூன்றாம் படி: தலையிலிருந்து காலுக்கு

ஹெல்மெட்டில் வெளியே இருக்கும் ஓடு முக்கியம்தான், அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் பட்டை. அடியைத் தலைக்கு விடாமல் வாங்கிக்கொள்வது அதுதான். பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அங்கே பீடிக்கட்டும் போனும் வைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மேலேயிருந்து செங்கல் விழுந்தால் அந்தப் போன் நேராக மண்டையில் இறங்கும். ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் திருகியை இறுக்கி, தாடைப் பட்டை போடாமலே குனிந்து பாருங்கள், விழக் கூடாது. அப்புறம் தாடைப் பட்டையையும் போடுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், ஆடி மாதக் காற்றில் தாடைப் பட்டை இல்லாத ஹெல்மெட் அடுத்த காற்றாலைக்குப் போய்விடும். முன்விளிம்பின் அடியில் கடிகாரம் போல ஒரு வட்டம் இருக்கும், நடுவில் வருடம், அம்புக்குறி காட்டுவது மாதம். அது தயாரித்த தேதி. வெயிலில் வெளுத்து, நகத்தால் கீறினால் மாவு மாதிரி வருகிற ஓட்டை நம்பாதீர்கள். பெயின்ட் அடிப்பதும் தின்னர் போட்டுத் துடைப்பதும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

கண்ணைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பத்தொன்பது வயதில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கேட் அடிக்கும் பட்டறையில் கையாளாக இருந்தேன். கிரைண்டரைப் பிடித்து வெல்டிங் முடிச்சைத் தேய்த்தபோது ஒரு பொறி கண்ணுக்குள் போனது. பட்டறைக்கே ஒரே ஒரு கண்ணாடி, அதுவும் அன்றைக்கு வெல்டரிடம். தேய்த்தேன், தண்ணீர் விட்டேன், மறுநாள் கண் சிவந்து திறக்க முடியவில்லை. டாக்டர் மரத்துப்போக மருந்து விட்டு, ஊசி முனையால் இரும்புத் துணுக்கை எடுத்தார். துணுக்கு போன பிறகும் கருவிழியில் வட்டமாகத் துரு படிந்திருந்தது, அதை எடுக்க இன்னொரு நாள் போனேன். அதிலிருந்து ஒரு பாடம்: சாதாரண பார்வைக் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருக்கும், பொறி பக்கத்திலிருந்துதான் வரும். முகம் முழுவதையும் மூடும் கவசம் போட்டாலும் அடியில் பக்கம் மூடிய கண்ணாடி வேண்டும், ஏனென்றால் கவசத்தைத் தூக்கிவிட்டு வேலையைப் பார்க்கிற அந்த ஒரு நொடியில்தான் அருகில் இன்னொருவன் கிரைண்டரை ஓட்டுவான்.

ஆர்க் வெல்டிங்குக்குக் கூலிங் கிளாஸ் போதாது, 10 எண்ணுக்கு மேற்பட்ட கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெல்டருக்கு எடுத்துக் கொடுக்க நிற்கும் கையாள்தான் பெரும்பாலும் மாட்டுவார். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வெட்டி வை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதையும் கண்ணில் விடாமல் டாக்டரிடம் போங்கள்.

காதுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று அடி தள்ளி நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் காதடைப்பு தேவை. பஞ்சு வைத்தால் ஆகாது. நுரை அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, முப்பது எண்ணும் வரை பிடித்துக்கொள்ளுங்கள். கை அழுக்காக இருக்கும்போது உருட்ட வேண்டாம்.

கைக்கு ஒரே கையுறை எல்லாவற்றுக்கும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கம்பி தூக்க, கல் தூக்க தோல் கையுறை. சிமென்ட்டுக்குத் தண்ணீர் புகாத ரப்பர் கையுறை. துணிக் கையுறை சிமென்ட் தண்ணீரை உறிஞ்சி நாள் முழுக்கக் கையோடு வைத்துக் கட்டிவிடும். சுழலும் எதற்கு முன்னாலும், அதாவது டிரில்லிங் மிஷின், கம்பி வளைக்கும் மிஷின், கலவை மிஷின் முன்னால், தளர்ந்த கையுறையே கூடாது. நூல் ஒன்று மாட்டினால் விரல் அதோடு போகும். தோளில் கிடக்கும் துவர்த்து (துண்டு), முன்னால் தொங்கும் சேலைத் தலைப்பு, சாரத்தின் நுனி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பாத்திரம் கழுவுகிற கையுறையை மாட்டிக்கொண்டு கரண்ட் வேலை செய்கிறவர்களும் உண்டு. மின்சாரத்துக்கென்று சோதித்த கையுறை தனி.

சிமென்ட்டில் இன்னொரு வஞ்சகம் உண்டு, அது சுடும்போது தெரியாது. கான்கிரீட் போடும்போது முட்டி போட்டு உட்கார்ந்தவருக்குச் சாயங்காலம் முட்டித் தோல் வெந்து கறுத்திருக்கும். பேண்ட் நனைந்தால் உடனே கழற்றி, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினால் ஒன்றும் செய்யாது என்பது நம் ஊர் நம்பிக்கை, அதை நம்பி முட்டி போடாதீர்கள்.

காலுக்கு ஷூ. முன்னால் இருக்கும் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது தரம், அதாவது இருபது கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது போல. ஆனால் நம் சைட்டில் விரலில் கல் விழுவதைவிட, கான்கிரீட்டுக்கு அடிக்கும் ஷட்டர் பலகையின் ஆணி உள்ளங்காலில் ஏறுவதுதான் அதிகம், அதனால் அடியில் ஆணி ஏறாத தகடு உள்ள ஷூவாகக் கேளுங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள், சாக்ஸும் போட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: மூச்சு

கருங்கல்லிலும் கிரானைட்டிலும் மணலிலும் டைல்ஸிலும் சிலிக்கா இருக்கிறது. வெட்டும்போது கண்ணுக்குத் தெரிகிற புகை போன்ற தூசியைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. அங்கே படிந்தால் சிலிகோசிஸ், அதற்குத் திரும்பும் வழி கிடையாது. துவர்த்தை மூக்கில் சுற்றிக்கொள்வது வியர்வைக்கு ஆகும், இதற்கு ஆகாது. துணி மாஸ்க்கும் அப்படியே.

எஃப்எஃப்பி2 அல்லது என்95 வகை மாஸ்க்கை வாங்குங்கள். காதில் மாட்டும் வகையைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போடும் வகை நன்றாக ஒட்டும். மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் சேர்த்துப் பிடரியிலேயே போட்டால் மூக்கோரம் திறந்துவிடும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்துங்கள். அப்புறம் இரு உள்ளங்கையாலும் மாஸ்க்கைப் பொத்திக்கொண்டு ஊதுங்கள். கண்ணுக்குள் காற்று அடித்தால் சரியாக ஒட்டவில்லை. தாடி இருந்தால் ஒட்டவே ஒட்டாது, சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிற மாதங்களில் கல் வெட்டும் வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நான் மேஸ்திரியிடம் சொல்வதுண்டு. மீசைக்குத் தடையில்லை, மாஸ்க்குக்குள் அடங்கினால் சரி.

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும்: மாஸ்க் காற்றை வடிகட்டும், காற்றை உண்டாக்காது. செப்டிக் டேங்க், பாழடைந்த கிணறு, விசைப்படகில் மீன் போட்டு வைக்கிற அடி அறை, இவற்றில் காற்றே இல்லாமலோ விஷவாயு நிறைந்தோ இருக்கலாம். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூக்கப் போகிறவர் இரண்டாவது ஆளாகக் கிடப்பார். மேலேயே நின்று தீயணைப்புத் துறைக்கும் 108-க்கும் கூப்பிடுங்கள். பாதுகாப்புச் சாதனமும் முன்னேற்பாடும் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், கூப்பிடுகிறவர் எவ்வளவு கூலி சொன்னாலும் இறங்காதீர்கள்.

ஐந்தாம் படி: உயரம்

இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டம் இது. அதனால் மொட்டை மாடிக்கு மேல் தகரக் கூரை போடாத வீடு குறைவு, ஏறுகிற வேலையும் அதிகம்.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். விழுந்தால் அது இடுப்பை மடக்கி முறிக்கும். தோள், மார்பு, தொடை எல்லாம் சுற்றிவரும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும், கொக்கி மாட்டும் வளையம் இரு தோள்பட்டைக்கும் நடுவே முதுகில் இருக்க வேண்டும். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. மாட்டுமுன் நூல் தையலை விரலால் தடவி வாருங்கள். வெட்டு, கருகல், ஆசிட் பட்ட வெளுப்பு எது இருந்தாலும் அது பழைய கயிறு.

இப்போது ஒரு கணக்கு. பெல்ட் போட்டும் தரையில் மோதியவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொக்கிக் கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதிரடியைக் குறைக்கத் தையல் பிரிந்து நீளும் பொட்டலம் ஒன்று அதில் இருக்கும், அது கிட்டத்தட்ட 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். பாதத்துக்கும் தரைக்கும் இடையில் கூடுதல் பாதுகாப்புக்கு ஒரு மீட்டர். எல்லாம் கூட்டினால் ஆறு மீட்டர், இருபது அடி. கயிறு கட்டிய இடத்துக்குக் கீழே அவ்வளவு வெற்றிடம் வேண்டும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டின் கூரை பத்து அடி. காலடியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அங்கிருந்து விழுந்தால், கயிறு இறுகும் முன்பே தரை வந்துவிடும்.

அதனால் கயிற்றைத் தலைக்கு மேலே கட்டுங்கள். முடியாத இடத்தில், ஓரம் வரை போகவே முடியாதபடி கயிற்றை அளந்து சுருக்கிக் கட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் பெல்ட்டை நம்பாமல் சாரமும் கைப்பிடியும் கட்டச் சொல்லுங்கள். கட்டும் இடம் ஒரு சின்னக் காரையே தொங்கவிட்டாலும் தாங்க வேண்டும். பிவிசி குழாய், ஜன்னல் கம்பி, சாரக்கழி, நேற்றுக் கட்டிய கைப்பிடிச் சுவர் எதுவும் ஆகாது. பழைய சிமென்ட் ஷீட்டில் கால் வைக்காதீர்கள், அடியில் இருக்கும் கட்டை மேல் பலகை போட்டு நடங்கள்.

விழுந்து பெல்ட்டில் தொங்குகிறவரை யார், எதை வைத்து இறக்குவது என்பதை ஏறும் முன்பே பேசி வையுங்கள். தொடைப் பட்டை இறுக்கி, ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். தொங்குகிறவர் காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆறாம் படி: கடலுக்குப் போகிறவர்களுக்கு

லைஃப் ஜாக்கெட்டும் இதில் சேர்ந்ததுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்த பிறகு அதைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்: அதைத் தலையணையாகப் போட்டுப் படுத்தால் உள்ளே நுரை நசுங்கி மிதப்பு குறையும். கால்களுக்கிடையே வரும் பட்டையைப் போடாவிட்டால் தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே வந்து முகத்தை மூடும், ஆள் கீழே நழுவுவார். சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் ஜாக்கெட் போட்டவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பட்டை பின்னால் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: வியர்வை, கழுவல், கழித்தல்

இந்த ஈரக் காற்றில் கண்ணாடி மூடுபனி போல மங்கும். மங்கிய கண்ணாடியைக் கழற்றாமல் இருக்க முடியாது. மங்காத பூச்சுள்ளதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் சோப்பு நுரையை லேசாகத் தடவித் துடைத்துவிட்டுப் போடுங்கள். மாஸ்க்கின் மூக்குக் கம்பியைச் சரியாக அழுத்தினாலே பாதி மங்கல் போகும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலுக்கு வந்து எல்லாவற்றையும் கழற்றி ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடிப்பதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக நினைக்காதீர்கள்.

கழற்றும்போது முதலில் கையுறையை, அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி. கையைக் கழுவிய பிறகு கண்ணாடியும் மாஸ்க்கும். தூசிச் சட்டையைத் தட்டி உதறாமல் ஈரத் துணியால் துடையுங்கள், வீட்டுக்குழந்தையின் சட்டையோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கடலோரத்தில் கொக்கியும் ஸ்பிரிங்கும் ஒரு பருவத்திலேயே துருப்பிடிக்கும், நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், பெல்ட் நூலை அது தின்னும். பலத்த அடி வாங்கிய ஹெல்மெட், ஒருமுறை விழுந்ததைப் பிடித்த பெல்ட் இரண்டும் பார்க்க நன்றாக இருந்தாலும் கழித்தாக வேண்டும்.

கழிக்கும்போது அப்படியே குப்பையில் போடாதீர்கள். போன வருடம் விரிசல் விட்ட ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை நான் வீசிய மூன்றாம் நாள், அதையே மாட்டிக்கொண்டு கலவை மிஷின் பக்கம் ஒரு பையன் வந்து நின்றான். பெல்ட்டின் பட்டையைக் கத்தியால் அறுங்கள், ஹெல்மெட்டின் உள்பட்டையைப் பிடுங்கி ஓட்டில் நான்கு துளை போடுங்கள். அந்த மஞ்சள் ஹெல்மெட்டை நான் வாங்கி அப்படித்தான் செய்தேன். இப்போது எங்கள் கிணற்றடியில் அதில் புதினா வளர்கிறது.